அப்பாவின் பேன்ட்டும் லண்டன் பஸ்ஸும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி பஸ் பிடிச்சு, விடியக்காலைல திண்டுக்கல்ல இறங்கி வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அம்மா காபியோட சேர்த்து ஒரு பேப்பரையும் கையில கொடுத்தாங்க. அப்பாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வெறும் வயித்துல சர்க்கரை 112. மூணு மாச சராசரி 6.1. "பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க"ன்னு டாக்டர் சொன்னாராம்.

அப்பாவுக்கு 63 வயசு. அரசு பஸ்ஸுல முப்பது வருஷம் டிரைவரா இருந்து ரிடையர் ஆனவர். ரிப்போர்ட்டை நம்ப அவர் தயாரா இல்லை. "கல்யாணத்தப்ப 60 கிலோ. இப்ப 62 கிலோ. எடையே ஏறலை, சுகர் மட்டும் எப்படிடா ஏறும்? லேப்ல வேற யாரோடதையோ மாத்திக் கொடுத்திருப்பான்"னு ஒரே போடா போட்டார். சரி, காலையில கொஞ்சம் நடக்கவாவது போங்கப்பான்னு சொன்னா, "இந்த வயசுக்கு மேல கையைக் காலை ஆட்டி என்ன ஆகப்போகுது"ன்னு பேப்பரைப் பிரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டார்.

அப்பதான் சமையல்கட்டுல இருந்து அம்மா குரல். "எடை ஏறலையாம் எடை. பேன்ட்டை மட்டும் டெய்லர் மூணு தடவை பிரிச்சு விட்டிருக்கான்."

அன்னைக்கு எல்லாருமே சிரிச்சோம். ஆனா சென்னைக்குத் திரும்பி வர்ற வழியில எனக்கு சிரிப்பு வரலை. எங்க பெரியப்பாவும் ஒல்லியான ஆள்தான். "எனக்கெல்லாம் சுகர் வராது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர். வந்தப்ப கவனிக்கலை. முதல்ல கால் விரல் போச்சு, அப்புறம் பாதம் போச்சு. அந்த ஒவ்வொரு தடவையும் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது எங்க அப்பாதான். அதைப் பார்த்தவரே இப்படிப் பேசுறாரேன்னு இருந்துச்சு.

அதனால ரெண்டு வாரமா, ஆபீஸ்ல ஆணி புடுங்குன நேரம் போக, ரெண்டு கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டிருந்தேன். ஒண்ணு, எடை ஏறாம சுகர் எப்படி ஏறும்? ரெண்டு, அறுபதுக்கு மேல உடம்பை அசைச்சா பிரயோஜனம் உண்டா? தேடப் போனா, அது என்னை 70 வருஷத்துக்கு முந்தைய லண்டன் பஸ் ஒண்ணுல கொண்டுபோய் ஏத்திவிட்டுச்சு. டிரைவர் மகனுக்கு இதைவிட என்ன வேணும், சொல்லுங்க :-)

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச சமயம். பிரிட்டன்ல மாரடைப்பு அதிகமாகிக்கிட்டே போகுது, ஏன்னு யாருக்கும் தெளிவாத் தெரியலை. ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர், தொழிலுக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு சந்தேகப்பட்டார். அவர் கண்ணுல பட்டது லண்டனோட ரெட்டை மாடி பஸ். ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. டிரைவர் வேலை நேரம் பூரா உட்கார்ந்தே இருக்கார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாள் பூரா மாடிப்படி ஏறி இறங்குறார், ஒரு நாளைக்கு நூத்துக்கணக்கான படிகள். ஆராய்ச்சி பண்றவனுக்கு இப்படி ஒரு ஜோடி அமையறது அதிர்ஷ்டம்.

35லேர்ந்து 64 வயசு வரைக்கும் உள்ள சுமார் 31,000 ஆண் ஊழியர்களோட விவரத்தை வெச்சு 1953ல லான்செட் இதழ்ல கட்டுரை வந்துச்சு. கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் உடனே உயிரை எடுக்கறது இன்னும் குறைவு. உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையில காட்டின முதல் பெரிய ஆராய்ச்சின்னு இதைச் சொல்லுவாங்க.

உடனே ஒரு நியாயமான கேள்வி வரும். உட்கார்ந்ததால குண்டானாங்களா, இல்லை ஏற்கெனவே குண்டா இருந்தவங்கதான் டிரைவர் வேலைக்கு வந்தாங்களா? இதைக் கண்டுபிடிக்க மோரிஸ் குழு போன இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஆஸ்பத்திரி இல்லை, லேப் இல்லை. யூனிஃபார்ம் தைச்சுக் கொடுக்கிற இடத்தோட பதிவேடு! யாருக்கு எத்தனை இன்ச் இடுப்பு பேன்ட்னு எல்லாம் அதுல பக்காவா எழுதி வெச்சிருக்கு. 1956ல அதை வெச்சே ஒரு கட்டுரை எழுதினாங்க. எந்த வயசுல பார்த்தாலும் டிரைவர் பேன்ட்டோட இடுப்பு கண்டக்டர் பேன்ட்டைவிடப் பெருசு. சின்ன வயசு டிரைவர்கள்கிட்டயே அந்த வித்தியாசம் இருந்துச்சு. அதாவது, குற்றம் முழுக்க டிரைவர் சீட்டு மேலன்னு சொல்ல முடியாது.

ஆனா அவங்க விடலை. 1966ல வந்த அடுத்த கட்டுரையில ஒரே இடுப்பளவு உள்ளவங்களைத் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தாங்க. ஒல்லி, நடுத்தரம், குண்டு, மூணு பிரிவுலயும் திடீர் மரணம் கண்டக்டர்களுக்குக் குறைவு. ஆக, உழைப்புக்குன்னு தனியா ஒரு பலன் இருக்கு, அது உடம்பு இளைக்கிறது வழியா மட்டும் வர்றதில்லைன்னு தெரிஞ்சுது. (மோரிஸ் 2009ல காலமானப்ப அவருக்கு 99 வயசு. சொன்னதைத் தானும் செஞ்ச மனுஷன்.)

இது மாரடைப்புக் கதைதானே, சுகர் எங்கேன்னு கேட்பீங்க. டெய்லர்கிட்ட இருக்கிற டேப் ஒரு மருத்துவக் கருவின்னு எனக்குப் புரிஞ்சது இந்த இடத்துலதான். அந்த டேப்புக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சுக்க பஸ்ஸைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுக்கணும்.

1920ல லண்டன்ல ராபின் லாரன்ஸ்னு ஒரு இளம் டாக்டருக்கே சர்க்கரை வியாதி வந்துடுச்சு. இன்சுலின் கண்டுபிடிக்காத காலம். வீட்ல இருக்கிறவங்க கண் முன்னால சாக வேண்டாம்னு இத்தாலிக்குப் போயிட்டார். 1923ல இன்சுலின் வந்துடுச்சு, உடனே கிளம்பி வான்னு ஆஸ்பத்திரியில இருந்து தகவல் வந்து, திரும்பி வந்து பிழைச்சுக்கிட்டார். அவர் 1926ல ஒரு விஷயத்தை எழுதினார். இன்சுலின் போட்டுக்கிட்டு சும்மா இருந்தா குறையறதைவிட, போட்டுக்கிட்டு உடம்பை வருத்தி வேலை செஞ்சா சர்க்கரை இன்னும் நல்லாக் குறையுது. உழைப்பு, இன்சுலினுக்குக் கைகொடுக்குதுன்னு அர்த்தம்.

பத்து வருஷம் கழிச்சு, 1936ல, அதே லண்டன்ல ஹெரால்ட் ஹிம்ஸ்வொர்த்னு இன்னொருத்தர். நோயாளிகளுக்கு குளுக்கோஸைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலினும் போட்டுப் பார்த்தார். சிலருக்கு சர்க்கரை ஏறாம நின்னுச்சு. சிலருக்கோ இன்சுலின் போட்டும் ஏறிக்கிட்டே போச்சு. அதாவது அவங்க பிரச்சனை இன்சுலின் இல்லாதது மட்டும் இல்லை, இருக்கிற இன்சுலின் பேச்சை உடம்பு கேட்க மாட்டேங்குது. இப்படிப் பேச்சு கேட்காத உடம்புக்காரங்க பெரும்பாலும் வயசானவங்களாவும் பருமனாவும் இருந்தாங்க. இன்னைக்கு டைப் 2ன்னு சொல்றோமே, அதோட அடையாளம் முதல்ல தெளிவா தெரிஞ்சது இங்கதான்.

அடுத்து 1947. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல ஜான் வாக்னு ஒரு டாக்டர். கொழுப்பு எவ்வளவு இருக்குங்கறதைவிட எங்கே இருக்குங்கறதுதான் முக்கியம்னு அவர் சொன்னார். தொடையிலயும் இடுப்புக்குக் கீழயும் சேர்ற கொழுப்பு அவ்வளவு தொல்லை இல்லை, உடம்போட மேல்பாதியிலயும் வயித்துலயும் சேர்றதுதான் சர்க்கரையையும் ரத்தக்குழாய் அடைப்பையும் கூட்டிட்டு வருதுன்னு எழுதினார். எழுதினது பிரெஞ்சுல. கிட்டத்தட்ட முப்பத்தஞ்சு வருஷம் பெருசா யாரும் கண்டுக்கலை.

கண்டுக்கிட்டது ஸ்வீடன்காரங்க. கோத்தன்பர்க் ஊர்ல 1913ல பிறந்த ஆண்கள்ல 792 பேரை, அவங்களோட 54 வயசுல இடுப்பையும் இடுப்புக்குக் கீழ புட்டத்துச் சுற்றளவையும் டேப் வெச்சு அளந்து எழுதிக்கிட்டாங்க. பதிமூணரை வருஷம் பின்தொடர்ந்து, யார் யாருக்கு சுகர் வந்திருக்குன்னு பார்த்து 1985ல வெளியிட்டாங்க. எடை, பருமன் எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும், வயிறு பெருத்தவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு அதிகம். ஒரே எடையில ரெண்டு பேர் நின்னா, தராசு ரெண்டு பேரையும் ஒண்ணுன்னு சொல்லும், டேப்தான் ஆளைப் பிரிச்சுக் காட்டும். அதே சமயத்துல, 1983 வாக்குல, ஜப்பான்ல ஒசாகா டாக்டர்கள் சிடி ஸ்கேன் வெச்சு வயித்துக்குள்ள, குடலைச் சுத்தி ஒளிஞ்சிருக்கிற கொழுப்பையே அளக்க ஆரம்பிச்சுட்டாங்க. மார்செய்ல டாக்டர் டேப்பையும் கண்ணையும் வெச்சு சொன்னது ஸ்க்ரீன்லயே தெரிய ஆரம்பிச்சுது.

சரி, எங்க அப்பாவுக்கு வருவோம். அவர் குண்டே இல்லையே? இதுக்குப் பதில் 2004ல லான்செட்ல வந்த ஒரே ஒரு பக்கத்துல இருக்கு. புனேயில ஆராய்ச்சி பண்ற டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யூட்கினும் பக்கத்துல பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சு அசலா 22.3. ஆனா உடம்புக்குள்ள அளந்தா யூட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஒருத்தர் மாரத்தான் ஓடுறவர். இன்னொருத்தர் ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு மூடறதுக்குள்ள ஓடிப்போய் ஏறுறதோட சரின்னு அவங்களே கிண்டல் பண்ணிக்கிட்டாங்க. ஓட்டம் ஒரு காரணம்னா, பிறப்பும் ஒரு காரணம். இந்தியக் குழந்தைங்க பிறக்கும்போதே எடை கம்மி, ஆனா அந்த எடைக்குள்ளயும் தசையைவிடக் கொழுப்பு நல்லாத் தங்கியிருக்குன்னு புனேயில அளந்து காட்டியிருக்காங்க. 

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா 165 சென்டிமீட்டர் உயரம், 62 கிலோ. பிஎம்ஐ 22.8. அந்தப் போட்டோவுல மூணாவது ஆளா நிக்க வேண்டியவர் எங்க அப்பா.

அப்ப எடை எப்படி அப்படியே இருந்துச்சு? இங்கதான் வயசு உள்ளே வருது. சாப்பாட்டுல இருந்து ரத்தத்துக்கு வர்ற சர்க்கரையில பெரும்பங்கை வாங்கி வெச்சுக்கிற கிடங்கு நம்ம தசைங்கதான். வயசாக ஆக, பயன்படுத்தாத தசை கரையுது. அந்த இடத்துல வயித்துல கொழுப்பு சேருது. ரெண்டு கிலோ தசை போய் நாலு கிலோ கொழுப்பு வந்தா தராசுல ரெண்டு கிலோதான் ஏறும். நிகர லாபம் மட்டும் காட்டி, உள்ள நடந்ததை மறைக்கிற கணக்குப் புத்தகம் மாதிரி. 1988ல இர்வின் ரோசன்பர்க்ங்கிறவர், வயசானவங்களுக்குத் தசை கரையறதுக்கு ஒரு பேரே இல்லை, அதான் யாரும் கவலைப்பட மாட்டேங்கிறாங்கன்னு சொல்லி 'சார்கோபீனியா'ன்னு பேர் வெச்சார். பேர் வெச்சாத்தானே நாமளும் வியாதின்னு ஒத்துக்குவோம்.

கிடங்கும் சுருங்குது, குடலைச் சுத்தின கொழுப்பும் கல்லீரலையும் தசையையும் இன்சுலின் பேச்சைக் கேட்க விடாம பண்ணுது. ரெண்டு பக்கமும் அடி. முதல் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. லேப்காரர் மேல தப்பு இல்லை.

ரெண்டாவது கேள்வி. இந்த வயசுக்கு மேல என்ன ஆகப்போகுது?

1990ல பாஸ்டன் நகரத்துல ஒரு முதியோர் மருத்துவமனை. மரியா ஃபியாட்டரோன்ங்கிற டாக்டர் அங்க இருந்தவங்கள்ல பத்து பேரைத் தேர்ந்தெடுத்தார். சராசரி வயசு 90. அவங்களுக்குக் கொடுத்தது மூச்சுப் பயிற்சி இல்லைங்க, வெயிட் தூக்குற பயிற்சி! எட்டு வாரம், காலால எடையைத் தூக்கிப் பழக்கினாங்க. ஒருத்தர் நடுவுல நிறுத்திட்டார், ஒன்பது பேர் முடிச்சாங்க. கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடியிருந்துச்சு. தொடைத் தசையோட பரப்பு 9 சதவீதம் கூடியிருந்துச்சு. 90 வயசுல தசை வளருது! பயிற்சியை நிறுத்தின நாலே வாரத்துல பலத்துல மூணுல ஒரு பங்கு திரும்பவும் போயிடுச்சுங்கறதையும் அவங்க மறைக்காம எழுதியிருக்காங்க. வங்கிக் கணக்கு மாதிரி இல்லை இது, போட்டதை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது.

தசை வளர்ந்தா சுகர் குறையுமா? ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல 60லேர்ந்து 80 வயசுக்குள்ள, ஏற்கெனவே சர்க்கரை இருக்கிற 36 பேரை ரெண்டு பிரிவாக்கினாங்க. ரெண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி எடை குறைக்கிற சாப்பாடு. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடவே கடுமையான வெயிட் பயிற்சி. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பிரிவுக்கும் எடை கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைஞ்சிருந்துச்சு. ஆனா மூணு மாச சராசரி சர்க்கரை, வெயிட் தூக்காதவங்களுக்கு 0.4 குறைஞ்சுது, தூக்கினவங்களுக்கு 1.2 குறைஞ்சுது. 2002ல வந்த கட்டுரை இது. தராசு மறுபடியும் தோத்துடுச்சு.

இன்னும் சுகர் வராத, பார்டர்ல நிக்கிறவங்களுக்கு? சீனாவுல டாச்சிங்ங்கிற எண்ணெய் நகரத்துல 1986ல 577 பேரை வெச்சு ஆரம்பிச்சாங்க. ஆறு வருஷத்துல, ஒண்ணும் செய்யாதவங்கள்ல 100க்கு 68 பேருக்கு சர்க்கரை வந்துச்சு, உடற்பயிற்சி பண்ணவங்கள்ல 41 பேருக்கு. அமெரிக்காவுல 3,234 பேரை வெச்சுப் பண்ணினது 2002ல வந்துச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம் நடை, எடையில 7 சதவீதம் குறைக்கணும்னு இலக்கு. ஆபத்து 58 சதவீதம் குறைஞ்சுது. மெட்ஃபார்மின் மாத்திரை போட்டவங்களுக்கு 31 சதவீதம். இதுல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வயசு வாரியான கணக்கு. 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு உணவும் நடையும் 71 சதவீதம் குறைச்சிருக்கு, மாத்திரை 11 சதவீதம்தான். "இந்த வயசுக்கு மேல என்ன ஆகப்போகுது"ன்னு கேட்டவங்க வயசுலதான் அதிகமா பலிச்சிருக்கு!

கடைசியா நம்ம சென்னை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு பார்டர்ல இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006ல வெளியிட்டாங்க. ஒண்ணும் செய்யாதவங்கள்ல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. நடையும் உணவு மாத்தமும் கடைப்பிடிச்சவங்கள்ல 39 சதவீதம். அந்த இரண்டாவது பிரிவுல எடை சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்லை. எடை குறையாமலேயே ஆபத்து குறைஞ்சிருக்கு.

ஒரு பக்கமா மட்டும் சொல்லிட்டுப் போகக்கூடாது. எடை முக்கியமே இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அமெரிக்க ஆராய்ச்சியில குறைஞ்ச ஒவ்வொரு கிலோவுக்கும் ஆபத்து 16 சதவீதம் குறைஞ்சுதுன்னு அவங்களே பின்னாடி கணக்குப் போட்டாங்க. நிஜமாவே உடம்பு போட்டவங்களுக்கு எடை குறையறதுதான் பெரிய மருந்து. அதே கணக்குலதான், எடை இலக்கை எட்டாதவங்கள்லயும் நடை இலக்கை எட்டினவங்களுக்கு ஆபத்து 44 சதவீதம் குறைவுன்னும் இருக்கு. அப்புறம், சென்னையில ஒழுங்கா இருந்தும் 39 சதவீதம் பேருக்கு சுகர் வந்துச்சுங்கறதும் உண்மை. இது உத்தரவாதம் இல்லை, வாய்ப்பைக் குறைக்கிறது. அம்புட்டுதேன்.

போன சனிக்கிழமை திரும்பவும் ஊருக்குப் போனேன். புள்ளிவிவரம் எதையும் எடுத்து விடலை. லண்டன் பஸ் கதையை மட்டும் சொன்னேன். அப்பா பாதியிலயே மறிச்சார். "லண்டன் டிரைவர் உட்கார்ந்திருந்திருப்பான். நாங்க பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டியை சிறுமலை ரோட்டுல வளைச்சு ஏத்தினவங்கடா. அது எக்சர்சைஸ் இல்லையா?" நியாயமான ஆட்சேபணைதான். "சரிப்பா, அதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. "உங்க கண்டக்டர் மாமாவுக்கு மட்டும் சுகர் இல்லையா? அஞ்சு வருஷமா மாத்திரை போடுறான்"னு அடுத்த அம்பு வந்துச்சு. அதுவும் உண்மைதான். ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ண முடியாதுப்பான்னு மழுப்பினேன்.

அம்மா பேசாம தையல் மெஷின் டிராயர்ல இருந்து டேப்பை எடுத்துட்டு வந்து அப்பா இடுப்புல சுத்தினாங்க. 96 சென்டிமீட்டர். நம்ம ஊர் ஆண்களுக்கு 90ஐத் தாண்டக்கூடாது, பெண்களுக்கு 80. அப்பா டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "அண்ணனுக்கு யாரும் அளந்து பார்க்கலையேடா"ன்னார். நான் ஒண்ணும் சொல்லலை.

கையை ஊன்றாம நாற்காலியில இருந்து எழுந்து உட்காருங்கப்பான்னேன். ஆறாவது தடவையிலேயே மூச்சு வாங்கிடுச்சு. நானும் செஞ்சு பார்த்தேன், இருபதோட நிறுத்திக்கிட்டேன். 28 வயசுக்கு இது பெருமைப்படற எண்ணிக்கை இல்லை, ஹி ஹி.

நேத்து ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. காலையில கண்டக்டர் மாமாவைக் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாராம். நாற்காலி ஒன்பது தடவை ஆச்சாம். "திரும்பி வரும்போது ரெண்டு பேரும் டீக்கடையில பஜ்ஜி சாப்பிடுறாங்கன்னு நினைக்கிறேன், சட்டையில எண்ணெய்க் கறை இருக்கு"ன்னும் சொன்னாங்க.

அடுத்த தடவை போகும்போது கேட்டுக்கறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டரைத் தட்டுற ஆள். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, நெஞ்சு வலி, மூட்டு வலி இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம எதையும் ஆரம்பிக்காதீங்க. ஆனா உங்க அப்பா அம்மா இடுப்பை அளக்கறதுக்கு எந்த டாக்டர் சீட்டும் வேண்டாம். வீட்ல டேப் இருக்கும், தேடிப் பாருங்க.